முதியோர் இல்லத்தில் முதல் ஊசி ஆயாவுக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் காய்ச்சல் செய்தி வராத நாள் இல்லை. டெங்கு, கொசு மருந்து, நிலவேம்புக் குடிநீர் என்று எல்லாம் வரும். ஆனால் கொளத்தூர், பெரம்பூர், கொடுங்கையூர், மாதவரம் பக்கம் சாதாரணக் குடியிருப்பு வீடுகளிலேயே நடக்கிற முதியோர் இல்லங்களில் ஃப்ளூ மாதிரி ஒரு வைரஸ் நுழைந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இந்த இல்லங்களில் வேலை செய்கிற ஆயா, சமையல்காரம்மா, இரவுக் காவலாளி எல்லோருக்கும் மழைக்கு முன்னாலேயே ஃப்ளூ தடுப்பூசியை இலவசமாகப் போடுங்கள், காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு கொடுங்கள்.

என் அத்தை அப்படி ஓர் இல்லத்தில்தான் இருக்கிறார். ஒரு அறையில் ஆறு கட்டில். எழுந்து உட்கார முடியாத மூன்று பேருக்கு ஒரே ஆயாதான் கஞ்சி ஊட்டுவார், ஒருவருக்கு ஊட்டி முடித்துத் தோளில் கிடக்கிற துண்டால் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார், தலை வாருவது, டயப்பர் மாற்றுவது, முதுகைத் தேய்த்துவிடுவது எல்லாமே அவர்தான். போன மழைக்காலத்தில் அவருக்கே நல்ல காய்ச்சல், இருமல். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்கு வந்துவிட்டார். வராமல் இருந்தால் அன்றைய கூலி போகும், அவரை நம்பி வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அம்மாவை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், பெற்ற பிள்ளைகளும் உறவுக்காரர்களுமான நாங்கள் செய்யாததைச் செய்கிறவர் அவர்.

ஒரு வாரத்துக்குள் அறை முழுக்கப் பரவிவிட்டது. அத்தைக்குக் காய்ச்சல் என்று பெரிதாக எதுவும் இல்லை, சாப்பாட்டை ஒதுக்கினார், என்னைப் பார்த்து என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். வயசானவர்களுக்குத் தொற்று பல நேரம் இப்படித்தான் வரும், தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டாது, திடீர்க் குழப்பமும் சோர்வும் கீழே விழுவதும்தான் அறிகுறி. பக்கத்துக் கட்டில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. யாருக்கும் பரிசோதனை செய்யவில்லை, அதனால் இது இன்ன வைரஸ் என்று நான் சொல்ல முடியாது. பரிசோதனை கூட செய்யாமல் விட்டதே என் முதல் கோபம். இரண்டு மூன்று நாளைக்குள் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து, அதில் ஒருவருக்கு ஃப்ளூ என்று உறுதியானாலே மற்றவர்களுக்கும் ஓசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துப் பரவலைத் தடுக்கலாம் என்று அமெரிக்க சுகாதாரத் துறை வழிகாட்டுதலே இருக்கிறது.

சரி, முதியவர்களுக்கே ஊசி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அவர்களுக்கும் போட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஃப்ளூ ஊசி நன்றாகப் பொருந்துகிற வருஷத்திலேயே நூற்றுக்கு 40 முதல் 60 வரைதான் காக்கும், வயசாக ஆக உடம்பின் எதிர்ப்புசக்தி ஊசியைச் சரியாக ஏற்காமல் அது இன்னும் குறையும். படுத்த படுக்கையாக இருக்கிறவர் வெளியே போய் எதையும் வாங்கி வருவதில்லை, வைரஸ் வெளியே போய் வருகிற நம்மோடும் வேலையாட்களோடும்தான் உள்ளே வருகிறது. எனவே, சுற்றி இருக்கிறவர்களுக்குப் போட்டால்தான் உள்ளே இருப்பவருக்கு முழுப் பலன்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே 83 முதியவர்கள், 116 ஊழியர்கள். முதியவர்களில் 90 சதவீதம் பேர் கொரோனா தடுப்பூசி போட்டிருந்தார்கள், ஊழியர்களிலோ பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். ஊசி போடாத ஒரு ஊழியரிடமிருந்து தொடங்கியது. மொத்தம் 46 பேருக்குத் தொற்று, அதில் 26 பேர் முதியவர்கள், மூன்று பேர் இறந்தார்கள். ஊசி போடாத முதியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வந்தது, போட்டவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான். ஒரே ஒரு இல்லத்தின் கணக்குதான், ஆனாலும் ஊசி எவ்வளவு காக்கும், எங்கே இடம் விட்டால் நுழையும் என்று இரண்டையும் அது காட்டிவிடுகிறது. அதே நாட்டில் 21 மாநிலங்களில் 280 இல்லங்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், தடுப்பூசி முகாம் நடந்த பிறகு ஊசி போடாத முதியவர்களிடமும் தொற்று 4 சதவீதத்துக்கு மேலிருந்து 0.3 சதவீதத்துக்கு இறங்கியது. ஊரில் அலையே தணிந்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்தான், மொத்தப் பெருமையையும் ஊசிக்கே கொடுக்க முடியாது.

ஃப்ளூவிலும் 1990களில் ஸ்காட்லாந்தில் முதியோர் மருத்துவமனை ஊழியர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள், ஊசி கொடுத்த இடங்களில் முதியவர் இறப்பு 14 சதவீதத்துக்குள், கொடுக்காத இடங்களில் 22. ஊழியர் ஊசியால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வராது என்று பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள், அந்த எண்களை அப்படியே நம்பத் தேவையில்லை. அதில் பாதி உண்மை என்றாலும் எனக்குப் போதும்.

ஆயாக்களிடம் கேட்டால், ஊசி போட்டால் காய்ச்சல் வரும், ரெண்டு நாள் வேலை கெடும் என்கிறார்கள். கையில் குத்துகிற ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது, ஒரு நாள் கை வலியும் லேசான சூடும் இருக்கலாம். அந்த ஒரு நாளுக்கும் கூலி கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை. இன்னொன்று, நோரோவைரஸ் மாதிரி வாந்தி பேதி கொண்டுவருகிற வைரஸுக்கு ஊசியே கிடையாது, சானிடைசரும் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவுவதும் உடம்பு முடியாதவர் வீட்டில் இருப்பதும்தான் வழி. ஆகவே, சம்பள லீவை ஊசியோடு சேர்த்துக் கேட்கிறேன்.

காலமும் முக்கியம். டெல்லியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும், நமக்கு வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் தொடங்கி. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். நவம்பரில் முகாம் போட்டுப் பிரயோஜனம் இல்லை, செப்டம்பரில் போட வேண்டும். வெளியே போட்டுக்கொள்ள ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, ஆயா சம்பளத்தில் அது நடக்காது, அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலும் முதியவர்களுக்கோ அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கோ ஃப்ளூ ஊசி இல்லை.

மூடிய இடத்தில் ஒன்றாக இருப்பவர்களிடம் வைரஸ் எப்படிப் பாயும் என்று வடசென்னைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2020 ஜூனில் ராயபுரம் அரசு காப்பகத்தில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா வந்து, உச்ச நீதிமன்றமே விளக்கம் கேட்டது. அடுத்த வருஷமே தெருத்தெருவாகக் கொரோனா தடுப்பூசி முகாம் போட்டுக் காட்டியதும் இதே மாநகராட்சிதான். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகிற ஊழியர்கள் 2021 முதல் இருக்கிறார்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் பகுதிகளில் எத்தனை முதியோர் இல்லம், பதிவு செய்தது எத்தனை, செய்யாதது எத்தனை என்று எடுத்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் ஐஸ் பெட்டியோடு போனால் ஒரு காலை வேளையில் ஒரு இல்லத்தை முடித்துவிடலாம்.

அத்தை இருக்கிற இல்லத்தில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஆயாக்களின் ஊசிச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். பார்க்கவே ஆள் வராத இல்லங்களில் யார் கொடுப்பார்கள்? மாநகராட்சி சுகாதாரத் துறை இந்த ஆண்டு மழைக்கு முன்னால் முகாம் தேதியை அறிவிக்க வேண்டும், உங்கள் நிருபர் அவர்களிடம் இதைக் கேட்டுப் பதிலைப் பத்திரிகையில் போட வேண்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகர்