ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு யார் சொல்வது?

கலிபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு,

வணக்கம். 1986-ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ரொபசிஷன் 65 சட்டத்தின் கீழ் வரும் நோட்டீஸ்களையும் சமரச ஒப்பந்தங்களையும் உங்கள் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். நானும் படிக்கிறேன். புற்றுநோயோ பிறவிக் குறைபாடோ உண்டாக்கும் ரசாயனம் பொருளில் இருந்தால் வாங்குபவரை எச்சரிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். எச்சரிக்காத நிறுவனத்துக்குத் தனியாரும் நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடலாம்.

ஈயம் தொடர்பான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்று நிறுவனம் முதலிலேயே சொல்லிவிடும். இனி விற்பதில் ஈயத்தைக் குறைப்போம், இல்லையென்றால் எச்சரிக்கை ஒட்டுவோம் என்று உறுதி தரும். அப்புறம் பணக் கணக்கு. அபராதத்தில் 75 சதவீதம் மாநிலத்துக்கு, 25 சதவீதம் வழக்குப் போட்டவருக்கு. வக்கீல் கட்டணம் தனி. பல சமயம் அபராதத்தைவிட அதுதான் பெரிய தொகை. இதைச் சொல்லிப் புலம்புகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. வழக்குப் போட ஆளில்லாவிட்டால் பல நிறுவனங்கள் அசைந்தே கொடுத்திருக்காது.

ஒப்பந்தத்துக்கு முன்பே விற்ற பொருட்களின் கதி என்ன என்பதுதான் என் கேள்வி. பல ஒப்பந்தங்களில் அவற்றைப் பற்றிய வழக்கும் அத்தோடு முடிந்துவிடுகிறது. கையிருப்பை விற்றுத் தீர்க்க விட்டவையும் உண்டு.

ஒரு மஞ்சள் வினைல் கைப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் பளிச்சென்று இருக்க ஈயச் சேர்மம் கலந்திருக்கலாம். கைப்பிடியைப் பிடித்த கையோடுதான் எதையாவது எடுத்துச் சாப்பிடுகிறோம். மடியிலிருக்கும் குழந்தை பையின் வாரைக் கடிக்கும். குழந்தைகளுக்கென்று விற்கும் பொருளில் 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) மேல் ஈயம் கூடாது என்கிறது அமெரிக்க மத்திய சட்டம். அம்மாவின் பைக்கு அது பொருந்தாது. நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்பது நம் மாநிலக் கணக்கு. வக்கீல்கள் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பையிலிருந்து ஈயம் இறங்கிப் போய்விடுமா?

ஆன்லைனில் விற்றவரிடம் வாங்கியவரின் ஈமெயில் இருக்கிறது. மறுநாளே 'ரிவ்யூ எழுதுங்கள்' என்று அனுப்பத் தெரிகிறதல்லவா? 'இந்தப் பையில் ஈயம் இருப்பதாக நோட்டீஸ் வந்திருக்கிறது, குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்' என்றும் ஒரு வரி அனுப்பலாமே.

தனியார் போடும் வழக்கில் நீங்கள் ஒரு தரப்பு இல்லைதான். ஆனால் அந்தச் சமரசங்கள் உங்கள் பார்வைக்கு வந்தே ஆக வேண்டும். நீதிமன்ற ஒப்புதலுக்குப் போகும்போது அங்கே வந்து ஆட்சேபிக்கவும் உங்களால் முடியும். சமரசங்களுக்கான வழிகாட்டு விதிகளை வகுத்ததும் உங்கள் அலுவலகமே. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்வதையும் அந்த விதிகளில் சேருங்கள். கடையில் வாங்கியவர்களுக்காக நிறுவனத்தின் இணையதளத்தில் படத்தோடு ஓர் அறிவிப்பு வரட்டும். அதுகூட முடியாது என்பவர்கள், ஏன் முடியாது என்று நீதிபதிக்கு எழுதித் தரட்டும்.

இப்படிக்கு,
கலிபோர்னியாவில் வாழும் ஒரு வாடிக்கையாளர்