காத்திருப்புப் பட்டியலில் நான்காவதாக இருந்தவளின் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மதியம் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது. உறையைப் பிரித்த உடனே, இதை யார் யாரிடம் காட்ட வேண்டும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. எல்லோரையும் நேரில் பார்க்க நாள் போதாது. சிலரை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையில் நீர்த் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கக் கிளம்புகிறேன். கல்விக் கட்டணம் கிடையாது. செலவுக்கு மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்களுக்குத் தருகிறார்கள். இதற்கு இரண்டு வருடம் ஆனது. முதல் வருடம் எல்லா இடத்திலும் ‘வருந்துகிறோம்’ என்றுதான் பதில் வந்தது.

முதல் நன்றி, என்னுடன் வேலை செய்த அக்காவுக்கு. அந்த முதல் வருடம் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு மூன்று வாரம் உட்கார்ந்து நான்கு கட்டுரைகள் எழுதியிருந்தேன். திருத்தித் தரச் சொல்லி அக்காவிடம் நீட்டினேன். அவர் கட்டுரையைத் திறக்கவே இல்லை. “தகுதி விதியைப் படிச்சியா?” என்றார். செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். என்னிடம் இருந்தது ஒன்றே கால் வருடம். பயிற்சி வேலை, தன்னார்வப் பணி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் உண்டு என்று அக்காவே கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அப்படியும் சுமார் 600 மணி நேரம் குறைந்தது. “சரி, கட்டுரையைப் பத்திரமா வச்சுக்கோ, இப்போ வேற பார்ப்போம்” என்று அன்று சாயங்காலமே ஒரு எக்செல் தாளைத் திறந்து கொடுத்தார். உதவித்தொகையின் பெயர், யாருக்குத் தகுதி, கடைசி நாள், என்னென்ன ஆவணம், அந்த ஆவணத்தை யார் தர வேண்டும் என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்திதான் முக்கியம் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மற்றவரிடமிருந்து வர வேண்டிய தாள்தான் எப்போதும் தாமதமாகும்.

அந்தத் தாளை நிரப்பும்போதுதான் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று தெரிந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி அமைப்பின் தளத்தில் உள்ள உதவித்தொகைத் தேடலில் அவர்களுடையது மட்டுமல்ல, வேறு நிறுவனங்கள் தருவதும் இருக்கிறது. எராஸ்மஸ் முண்டுஸுக்கு ஒரே விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு படிப்புக்கும் அதை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பிடம் தனித்தனியாகப் போட வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் நாள் முடிந்துவிடும். அடுத்த செப்டம்பரில் படிக்க நினைப்பவர் முந்தைய செப்டம்பரிலேயே உட்கார்ந்தாக வேண்டும். இது தெரியாமல் மார்ச்சில் தேடத் தொடங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

முதல் வருடம் நான்கு படிப்புகளுக்குப் போட்டேன். ஒன்றில் பரிந்துரைக் கடிதமே போய்ச் சேரவில்லை. தவறு என்னுடையது. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் போய்க் கேட்டால் யார்தான் எழுதித் தர முடியும்? இரண்டாம் வருடம் ஆறு வாரம் முன்பே கல்லூரிச் சாரிடம் போனேன். சார், உங்களுக்கு நன்றி. “நான்கு வரியில் நல்ல பெண் என்று எழுதி அனுப்ப எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். அது உனக்கு உதவாது” என்றீர்கள். என்ன படிப்பு, ஏன் அது, என்னிடம் நீங்கள் பார்த்த வேலை எது என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்து போனில் கேட்டீர்கள்: “புராஜெக்டில் மூன்றாம் வார அளவீடுகளை முழுசா தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுத்தாயே, யார் சொல்லி?” கருவி சரியாக அளவிடவில்லை என்று சந்தேகம் வந்தது, நானாகத்தான் செய்தேன் என்றேன். “சரி” என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது நேரே அவர்களுக்குத்தான் போனது. ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, சார்.

அப்புறம் என் தோழி. ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்கக் கடிதத்தை அவள் பதினொரு தடவை படித்தாள். முதல் வரைவு ‘சிறு வயதிலிருந்தே தண்ணீர் மீது எனக்குத் தீராத ஆர்வம்’ என்று ஆரம்பித்தது. சிவப்பில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: “இதுல தண்ணீர்ங்கிற வார்த்தையை எடுத்துட்டு கட்டடம்னு போட்டாலும் பொருந்துது. அப்போ இது உன் கடிதம் இல்ல.” எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடிதத்தைத் திரும்ப இப்படி எழுதினேன்: மணல் வடிகட்டியில் நீர் போகும் வேகத்தைக் குறைத்தபோது கலங்கல் நன்றாகக் குறைந்தது. ஆனால் பன்னிரண்டாம் நாள் மணலின் மேலடுக்கு அடைத்துக்கொண்டது. அந்த அடுக்கில் வளரும் நுண்ணுயிர்கள்தான் நீரைச் சுத்தமாக்குகின்றன, அடைப்பதும் அதே அடுக்குதான். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, உங்கள் இரண்டாம் செமஸ்டர் பாடம் அதைப் பற்றியது. இவ்வளவுதான் எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பத்தியை அவள் தொடவே இல்லை. நான் படித்துவந்த எந்த மாதிரிக் கடிதமும் சொல்லித்தராததை எனக்குச் சொல்லித்தந்தவள் அவள்.

கல்லூரி அலுவலகத்தில் மதிப்பெண் சான்றிதழ் எடுத்துக் கொடுத்த அலுவலர் அம்மாவுக்கு நன்றி. பட்டச் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதற்கு மாறாக இருந்தது. நான் கவனிக்கவில்லை, அவர்தான் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நவம்பரில் தெரிந்ததால் திருத்த முடிந்தது. விசா நேரத்தில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பணம் கட்டினால் உதவித்தொகை நிச்சயம் என்று ஒருவர் என்னைத் துரத்தியபோது, முகம் தெரியாத ஒரு அண்ணா, முந்தைய வருடம் தேர்வானவர், எனக்கு நீளமாகப் பதில் எழுதினார். செவனிங்கோ எராஸ்மஸோ, எதையும் யாராலும் வாங்கித் தர முடியாது, பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடு என்றார். அந்தப் பணம் அப்பாவுடைய சேமிப்பு. அண்ணா, அது அப்படியே இருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் இரண்டு வருடமும் ‘என்ன ஆச்சு?’ என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, எனக்குப் பெயர் தெரியாத நான்கு பேர். இரண்டாம் வருடம் மார்ச்சில் எராஸ்மஸ் முடிவு வந்தபோது நான் தேர்வாகவில்லை, நிராகரிக்கப்படவும் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் நான்காவது இடம். இடம் கிடைத்தவர்கள் வேண்டாம் என்றால்தான் பட்டியல் நகரும். மே மாதம் ஒரு இரவு மின்னஞ்சல் வந்தது: ஐந்து நாளுக்குள் சம்மதம் சொல்லுங்கள். அப்படியானால் எங்கோ நான்கு பேர், வேறு நல்ல வழி அமைந்ததும், இதையும் கையில் பிடித்து வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த நேரம் எனக்கு இன்னொரு பல்கலைக்கழகத்தில் பாதிக் கட்டணச் சலுகையோடு ஓர் இடம் இருந்தது. பதில் சொல்ல ஜூன் முடியும்வரை நாள் இருந்தது. அன்றிரவே தூங்கும் முன் அவர்களுக்கு எழுதி அந்த இடத்தை விட்டுவிட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் எனக்கு அடுத்து இருந்தவருக்குச் சீக்கிரமே மின்னஞ்சல் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் எல்லோராலும் கிளம்புகிறவள்