நஷ்டஈட்டில் நிறுவனத்துக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் நஷ்டஈடு கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இந்தத் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவில் அது இருக்கிறது. அவர் பட்ட மன உளைச்சல், வேலையில் இழந்த வாய்ப்பு, மனநல சிகிச்சை உட்பட மருத்துவச் செலவு எல்லாவற்றையும் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும். சரி, நல்ல விஷயம். ஆனால் அதே பிரிவு தொல்லை கொடுத்தவரின் வருமானத்தையும் வசதியையும் பார்க்கச் சொல்கிறது, பணமும் அவருடைய சம்பளத்தில்தான் பிடிக்கப்படுகிறது.

இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க நிறுவனங்களுக்குள் அமைக்கும் விசாகா கமிட்டிகளில் நான் வெளி உறுப்பினராக இருந்திருக்கிறேன். விசாரணை விவரங்களை வெளியிடச் சட்டம் தடை விதிப்பதால் ஊர், தொழில் எதையும் எழுதவில்லை. ஒரு புகாரில் தொல்லை நடந்தது உண்மைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு தொகையைப் பற்றிப் பேச்சு வந்தது. மேசையில் அந்தப் பெண்ணின் மாத்திரைச் சீட்டும் இருந்தது, தொல்லை கொடுத்த சூப்பர்வைசரின் சம்பள ஸ்லிப்பும் இருந்தது, ஆனால் பேசியதெல்லாம் ஸ்லிப்பைப் பற்றித்தான். வீட்டு லோன் போகிறது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், பாவம், எவ்வளவுதான் பிடிப்பது என்றார்கள். அந்தப் பெண் அதற்கு முன்பே மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லியும் அதே ஆளின் கீழ், அதே ஷிஃப்டில்தான் அவரைப் போட்டிருந்தார்கள். அதற்கு நிறுவனம் கொடுத்தது ஒரு பைசா இல்லை.

கமிட்டியே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அது அரசுக்குப் போகிற பணம்.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பாலின, இன, ஊனப் பாகுபாடு எதுவானாலும் மனம் புண்பட்டதற்கென்றே தனித் தொகை உண்டு. 2002-ல் வெஸ்ட் யார்க்ஷயர் போலீஸில் வேலை பார்த்த வென்டோ என்ற பெண்ணின் வழக்கில், பாதிப்பின் கடுமையைப் பொறுத்து மூன்று படிகளாக அந்தத் தொகையைப் பிரித்தது நீதிமன்றம். விலைவாசிக்கு ஏற்ப அவற்றை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள், 2025 ஏப்ரல் கணக்குப்படி மிகக் கடுமையான பாதிப்புக்கான படியில் சாதாரணமாக 60,700 பவுண்டு வரை. ஊழியர் செய்ததற்கு முதலாளியும் பொறுப்பு, தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தேன் என்று நிரூபித்தால்தான் அவர் தப்பலாம்.

நம் சட்டத்திலும் இந்த இரண்டும் வர வேண்டும். பாதிப்புக்கு ஏற்ற குறைந்தபட்சத் தொகைப் படிகளை விதிகளிலேயே எழுதுங்கள், அப்புறம் புகார் தெரிந்தும் சும்மா இருந்த நிறுவனத்திடமும் நஷ்டஈட்டில் ஒரு பங்கை வசூலியுங்கள். உள் கமிட்டிகளுக்குப் பதிலாகத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013-லேயே சொன்னது, அதையும் யாரும் கேட்கவில்லை. நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் பேச வேண்டும்.

ஒரு வாசகி,
கோயம்புத்தூர்