பலகாரத் தட்டோடு போய்க் கதவைத் தட்டு

அன்பு மகன் ஜெபாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் மாடியேறி ஸ்டார் கட்டிவிட்டுத்தான் இறங்கினாள்.

போனில் நீ சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "இங்கே பண்டிகை மாதிரியே இல்லப்பா. 24-ஆம் தேதி மத்தியானமே கடையெல்லாம் அடைச்சுடறாங்க, நாலு மணிக்கு இருட்டு, தெருவில் ஒரு ஆள் கிடையாது. அடுத்த வருஷம் பெங்களூருக்கே வந்துடறோம்" என்றாய். வாருங்கள், எந்தத் தாத்தா வேண்டாம் என்பான்? ஆனால் இந்த வருஷம் அங்கேதானே இருக்கப் போகிறீர்கள்? போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஜெர்மனியில், அதுவும் டிரெஸ்டனில், கிறிஸ்துமஸ் பண்டிகை இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். 1434-இலிருந்து கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிற ஊர் அது. நீ படம் எடுத்து அனுப்பினாயே, வீட்டுக்கு வீடு தொங்குகிற முள்முள்ளான ஸ்டார், அதுவும் உங்கள் சாக்சனி மாநிலத்துச் சரக்குதான். மொரேவிய சபை என்கிற புராட்டஸ்டன்ட் சபையின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக்கொடுக்கச் செய்ய ஆரம்பித்தார்களாம். இருபத்தைந்து முனை. நம் ரசல் மார்க்கெட் பக்கம் விற்கிற அட்டை ஸ்டாருக்கு ஐந்துதான், ஆனால் உள்ளே கலர் பல்பு மினுக்கும். பட்டாசுச் சத்தம் இல்லை என்று பேரன் குறைப்பட்டானே, அங்கே அது டிசம்பர் 31 ராத்திரிக்கு உரியது என்று சொல். கடையில் விற்பதே வருஷத்தின் கடைசி மூன்று நாள்தான். ஆக, தெரு காலி என்றால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவை யாராவது தட்ட வேண்டும். நீ தட்டு.

பெங்களூரில் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலைக் காலனிக் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்த புதிதில் அம்மாவுக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அக்கம்பக்கத்தில் எங்கள் சபைக்காரர் ஒருவரும் இல்லை. பண்டிகையன்று விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும், பட்டுச்சேலையை மாற்றக்கூட இல்லை, எவர்சில்வர் தட்டுகளில் முறுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்கும் வைத்து, மேலே குரோஷா துணி மூடி, வரிசையாக எல்லா வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியாத வீட்டில் என்ன பேசுவாய் என்றேன். "பலகாரத்தைக் கொடுத்துட்டுச் சிரிச்சா போதாதா?" என்றாள். தட்டுகள் வெறுமனே திரும்பவில்லை, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுத்தார்கள். சங்கராந்திக்கு எள்ளு வெல்லமும் யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளியும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் நம் வீட்டுக்கு வரத் தொடங்கியது அப்புறம்தான். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்களும் அந்தத் தட்டு போன வீட்டுக்காரர்கள்தான்.

ஜெர்மன்காரர் தட்டைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கலாம். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே, அவர்கள் வழக்கம் வேறு. என்னென்ன போட்டுச் செய்தது என்று ஒரு சீட்டு எழுதி வை. முட்டை, முந்திரி, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். உங்கள் பிளாட் கட்டிடத்தில் தனியாக இருக்கிறார் என்று சொன்னாயே ஒரு வயதானவர், முதல் தட்டு அவருக்குப் போகட்டும். வருகிறார் என்றால் 25-ஆம் தேதி சாப்பாட்டுக்கும் கூப்பிடு. ஆட்டுக்கறியை 23-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடு, 25, 26 இரண்டு நாளும் அங்கே விடுமுறை.

24-ஆம் தேதி ராத்திரி அவர்கள் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான் சாப்பிடுகிறார்கள் என்றதை அம்மா இன்னும் ஜீரணிக்கவில்லை. "பண்டிகைக்கு உருளைக்கிழங்கா!" என்று சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பரிசைப் பள்ளிக்கூடத் தோழிகள் மாதிரி 24 சாயங்காலம் பிரிப்பதா, நம் வழக்கப்படி 25 காலையிலா? 24-லேயே பிரிக்கட்டும், தாத்தா சம்மதம். பைபிளின் ஆதியாகமத்தில் நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. புதுச்சட்டை மட்டும் 25 காலைக்கு இருக்கட்டும், அதில் பேரமில்லை.

லீவில் ஒரு நாள் பிள்ளைகளைப் புல்ஸ்னிட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போ. உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். இஞ்சி கேக்குக்குப் பேர்போனது, அதைச் சொன்னால் பிள்ளைகள் தானாக வண்டியில் ஏறிவிடுவார்கள். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்த மிஷனரி சீகன்பால்கு பிறந்த ஊர் அது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது இருபத்துநாலு வயதுகூட நிறையாத பையன். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துவிட்டது. நீ அங்கே போய் இவ்வளவு காலம் ஆகியும் ஜெர்மன் வகுப்பை முடிக்கவில்லை. இதைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன், மருமகளிடம் காட்டாதே.

பார்சலில் பலகாரம் வராது. பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருளை ஐரோப்பாவுக்குள் அனுப்பக் கூடாதாம், அம்மாவின் கைவேலையில் நெய் இல்லாதது எது? அதனால் அச்சு முறுக்கு அச்சையே அனுப்புகிறாள். புது அச்சு இல்லை, எண்ணெயில் பழக்கியதுதான். மாவு கரைக்க மருமகளுக்குத் தெரியும். அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காய வைத்து, மாவில் முக்கால் அளவுதான் முக்க வேண்டும். விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழன்று விழாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், புகை அலாரம் அடித்தால் நீ தட்டு கொண்டு போவதற்கு முன்பே அக்கம்பக்கம் திரண்டு வந்துவிடும்.

25-ஆம் தேதி நம் ஆராதனை முடிந்து, வந்தவர் போனவரைக் கவனித்துவிட்டு, மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடுகிறேன். உங்களுக்குக் காலை எட்டரை. எந்தெந்த வீட்டுக்குத் தட்டு போகிறது என்று அம்மா கேட்பாள், பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா