உறுதி பெட்டியில்தான் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. கிணற்றடி இதரை வாழை குலை தள்ளியிருக்கிறது, நீ வரும்போது பழுக்கும் என்று அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை நீ அம்மாவிடம் நெல்லியடிக் காணி உறுதிப்பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டாயாம். அம்மா எனக்குச் சொல்லவில்லை, நான் விறாந்தையில் இருந்தபடி கேட்டேன், அவர் போனைச் சத்தமாகத்தானே வைப்பார். உறுதி பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே. அது உனக்குச் சீதனமாக எழுதின காணி, எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் சுன்னாகத்தில் ஒரு கடையில் உன் கறித்தூள் பக்கெற்றைக் கண்டேன். அம்மம்மாவின் பெயர் சிவப்பு எழுத்தில், கீழே பனைமரம். கையில் எடுத்துத் திகதி பார்த்தேன், விலை பார்த்தேன், ஒட்டின இடத்தை விரலால் அமத்திப் பார்த்தேன், நன்றாக ஒட்டியிருந்தது. வீட்டில் உரலில் இடித்த தூள் கொழும்பில் போய் மெசினில் அரைபட்டு ஊருக்கே திரும்பி வருகிறது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை உனக்குச் சொல்ல வேண்டும் என்று போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது. எடுத்தாலும் “வேலை அப்பா, பிறகு கதைக்கிறன்” என்கிறாய். உன்னோடு கூட்டு வியாபாரம் செய்கிற அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் “இருக்கிறாள்” என்ற ஒரு சொல்லோடு முடிக்கிறாய். முந்தி அவளைப் பற்றிக் கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்பாய்.

அதனால்தான் எழுதுகிறேன். கோபிக்காமல் வாசி.

உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? யார் எவ்வளவு முதல் போட்டது, இலாபம் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன செய்வது, இதெல்லாம் ஒரு தாளில் இருக்கிறதா, இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறீர்களா? கம்பஸில் ஒரே அறையில் இருந்தோம், எங்களுக்குள் என்ன எழுத்து என்று நீ அப்போது சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சட்டம் அப்படிப் பார்க்காது. காணி விற்க நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்று சொல்கிற 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறதல்லவா, அதே சட்டம்தான் ஆயிரம் ரூபாய்க்கு மேல் முதல் போட்ட கூட்டு வியாபாரத்துக்கும் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாய்! இன்றைக்கு அந்தக் காசுக்கு உன் தூளில் எத்தனை பக்கெற் வரும்? எழுத்து இல்லாவிட்டால் நீ அவளுடைய பங்காளி என்று அவளுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, அவளும் உனக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் மல்லி, மிளகாய் கடனுக்குத் தந்தவன் வந்தால், அவன் உங்கள் இரண்டு பேரையும் பங்காளிகள் என்று காட்டலாம், அவனுக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. அப்போது கடன் முழுவதையும் உன்னிடமே கேட்கலாம், உன் சொந்தச் சொத்தில்கூடக் கை வைக்கலாம். உள்ளுக்குள் பங்கு கேட்க முடியாது, வெளியில் கடனுக்கு மட்டும் பங்கு. இதை வடிவாக யோசித்துப் பார்.

பக்கெற்றில் இருக்கிற பெயர் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும் என்று நினைக்காதே, அது வேறு. பெயரும் பனைமரப் படமும் உன்னுடையது என்று நிற்க வேண்டுமானால் புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அம்மம்மாவின் பெயர் இன்னொருவருக்குச் சொந்தமாகப் போகக் கூடாது.

சுப்பர்மார்க்கற்காரர் 60 நாள், 90 நாள் என்று காசை இழுத்தடிக்கிறார்கள் என்று சொன்னாய். சாமான் கொடுத்த கடனுக்கு வழக்குப் போட ஒரு வருடம்தான், அதற்குப் பிறகு காலாவதி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 6 வருடம். முகம் பார்த்து முகம் பார்த்து நான் ஒரு வருடத்தைத் தவறவிட்ட கடன்கள் என் கடைக் கொப்பியில் இப்போதும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருக்காலாவது இவ்வளவு தர இருக்கிறது என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கு.

பக்கெற் பண்ணுகிற பிள்ளைகள் ஐந்து பேரோ ஆறு பேரோ, அவர்களுக்கு ஈ.பி.எஃப்., அதுதான் ஊழியர் சேமலாப நிதி, கட்டுகிறாயா? ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும், நாட்கூலி என்றாலும் கட்ட வேண்டும். அவர்களுடைய சம்பளத்தில் 8 வீதம், நீ 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.ரி.எஃப்., இன்னொரு 3 வீதம், அது உன் கையிலிருந்து. பிந்தினால் தண்டம் 50 வீதம் வரை ஏறும். வியாபாரம் கொஞ்சம் நிமிரட்டும், பிறகு கட்டுவோம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் கொடு. எல்லாவற்றையும் எழுத்தில் வை.

இப்போது உறுதி. நீ அதை வங்கியில் ஈடு வைக்க நினைக்கிறாய் என்றால், சொல்லிவிட்டு வை. ஈடு வைத்த காணியை, கடன் கட்டாவிட்டால், கோட்டுக்குப் போகாமலே வங்கிப் பணிப்பாளர் சபை தீர்மானம் போட்டு ஏலத்தில் விற்கலாம், 1990ஆம் ஆண்டுச் சட்டம். பராட்டே என்று பேப்பரில் வந்ததே அதுதான். 2024இல் வியாபாரிகள் கத்தினதால் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். அதோடு தேசவழமைப்படி உன் பெயரில் உள்ள காணியென்றாலும் மருமகனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்கவோ விற்கவோ ஏலாது. அவருக்குத் தெரியுமா? நீ அவருக்கும் சொல்லவில்லையோ என்று எனக்கு ஒரு பயம். ஒரு பிரச்சினையை மூடி மூடி வைத்துக் கடைசியில் காணியால் அடைக்கப் பார்க்கிறாயோ என்று இரவில் நித்திரை இல்லை. கோடு கச்சேரி ஏறுவது வெட்கம் இல்லை, பிள்ளை. முதலில் இணக்கசபை இருக்கிறது, அவளோடு உட்கார்ந்து கதைக்கலாம், சட்டத்தரணியை வைத்துக் கணக்குப் பார்த்துப் பிரியலாம். மறைப்பதுதான் பிழை. நீ சின்ன வயதிலும் இப்படித்தான், விழுந்து முழங்கால் உரசினால் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு வந்து சாப்பிட இருப்பாய்.

இவ்வளவும் உனக்கு எழுதிவிட்டு நேற்று இரவு பேனையை வைத்துவிட்டேன். எழுத்தில் வை, எழுத்தில் வை என்று உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியம்? உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அது தெரியும், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கதைத்தது கிடையாது.

மாமா ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தலைக்கனம் என்று சொல்லியிருக்கிறேன். உன் சாமத்திய வீட்டுக்கு முதல் தண்ணி வார்க்க வேண்டியவர் வரவில்லை, பந்தலில் நின்று எல்லாருக்கும் கேட்க அதையே சொன்னேன்.

சைக்கிள் சாமான் கடையை 1991இல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். நான் 40,000, அவர் 35,000. மாமியின் காப்பு வித்த காசு அதில் இருந்தது. பெயர்ப் பதிவு, பிரதேச சபை அனுமதிப்பத்திரம் எல்லாம் என் பெயரில், நான் மூத்தவன் என்று அவர்தான் அப்படிப் போடச் சொன்னார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நான் உங்களைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிக்கு முன்னுக்கு நடந்தேன், கடைச் சாமானைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது அவர். ரயர் ஒன்றும் தொலையவில்லை. கணக்குக் கொப்பியைச் சேட்டுக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டியிருந்தார், மழையில் ஒரு பக்கம் மட்டும் நனைந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வியாபாரம் ஏறியது. அடுத்த வருடம் அவர் வந்து பங்கைக் கேட்டார். வயாவிளானில் அவர்களுடைய காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், 12 வருடமாக வாடகை வீடு, ஏழாலையில் நாலு பரப்பு வாங்கப் போகிறேன் அத்தான் என்றார். நான் அப்போது புதுக் கட்டடத்துக்குக் காசு போட்டிருந்தேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் யாழ்ப்பாணம் போய் ஒரு சட்டத்தரணியைக் கண்டேன். அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார், எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று. நான் இல்லை என்றேன். அப்படியென்றால் மாமாவால் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த ஆயிரம் ரூபாய்ச் சட்டத்தை எனக்கு விளக்கினார். மேலே உனக்கு எழுதினேனே, அதை நான் அப்படித்தான் படித்தேன். கேட்டுவிட்டு வெளியில் வந்து ஒரு சோடா குடித்தேன். நிம்மதியாக இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

அவர் கூட்டாளி இல்லை, சம்பளத்துக்கு நின்றவர் என்று கடிதம் போட்டோம். சம்பளத்துக்கு நின்றவன் என்றால் என் 12 வருட ஈ.பி.எஃப். எங்கே என்று மாமா கேட்டிருக்கலாம். 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போயிருக்கலாம். அவர் கடிதத்தைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார், சாவிக் கொத்தை அதற்கு மேலே வைத்தார், அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்து இருந்தது, பிள்ளை. அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் மாமாவின் கையால், “பங்கு: அத்தான் 40,000, நான் 35,000”, பச்சை மையில். கையெழுத்து இல்லை, திகதி மட்டும். சட்டத்தரணி கேட்டபோது அந்தப் பக்கம் என் கண்ணுக்குள் நின்றது, இல்லை என்றேன். எரிக்கவும் மனம் வரவில்லை. உன் உறுதிக்கு மேலே அதே தகரப் பெட்டியில் இருக்கிறது. நீ உறுதியைக் கேட்டாய் என்றதும் எனக்கு முதல் வந்த பயம் உன் வியாபாரத்தைப் பற்றியது இல்லை, பெட்டியைத் திறந்தால் நீ கொப்பியைக் காண்பாய் என்ற பயம்தான்.

உன் கூட்டாளிக்கும் உனக்கும் என்ன என்று எனக்குத் தெரியாது. அவள் உன்னை ஏய்க்கிறாளா, நீ அவளுக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறதா, அதைச் சொல்லப் பயந்து ஒளிக்கிறாயா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம். உன்னை நியாயம் விசாரிக்க எனக்கு இனி முகம் இல்லை. காசு வேண்டுமென்றால் கடைக் கட்டடம் இருக்கிறது. அதில் பாதிக்குக் கிட்ட மாமாவுடையது, மற்றதில்தான் உனக்கு உதவலாம்.

இன்று காலை இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தார். கோப்பையைத் தந்துவிட்டு, தம்பிக்கு இப்போது சீனி இருக்கிறது, சீனி போடாமல் குடிக்கிறவன் என்றார். அவர் இவ்வளவு காலமும் ஏழாலைக்குப் போய் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீ வந்து உறுதியை எடு. மருமகனையும் கூட்டி வா. உங்கள் கணக்குக் கொப்பி, வங்கிக் கடிதங்கள், அந்தப் பிள்ளையோடு போனில் எழுதிக்கொண்டது எல்லாவற்றையும் எடுத்து வா, இங்கே இருந்து ஒன்றாகப் பார்ப்போம். வருகிற ஞாயிறு கொப்பியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போகப் போகிறேன். கதவு திறப்பாரோ தெரியாது. நீ அதற்கு முன் வந்தால் என்னோடு வா. கறித்தூளில் இரண்டு பக்கெற் தனியாக எடுத்து வை, அதில் இருப்பது அவருடைய அம்மாவின் பெயர்.

அன்புடன்,
அப்பா