நாலு கவர்

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். மொத்தம் 11 நிமிஷம், அதுல 9 நிமிஷம் என்னைய திட்டுனது, மீதி 2 நிமிஷம் நீ கேஸ் சிலிண்டர்காரர்ட்ட சில்லறைக்கு சண்ட போட்டது, அதுவும் சேந்து ரெக்கார்ட் ஆகிருக்கு. அறுபதுகள்ல வந்த அமெரிக்க ராக் பேண்டு டோர்ஸ் பத்தி ஏதோ பேச்சு வாக்குல "பாடகன் ஜிம் மோரிசன் ஒரு குடிகாரன், டோர்ஸ்னா மத்த மூணு பேருதான்"னு ஒரு வரி போட்டேன், அதுக்கு இப்படியா. போன்ல பதில் சொன்னா நீ பேச விடமாட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன், கண்ணாடி வேற உடைஞ்சு கெடக்கு, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத.

மொதல்ல வீட்டு விஷயம். பெரியவனுக்கு கோயம்புத்தூர்லயே வேல கெடச்சுருச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப சீரியல்ல யார் யாரு என்ன சேல கட்டிருக்கான்னு வரைக்கும் தெரியுது. எனக்குத்தான் இடது கை சுண்டுவிரல் காலைல எந்திரிச்சா மடங்க மாட்டேங்குது. டாக்டர் "என்ன வேல பாக்குறீங்க"ன்னாரு, "இருபத்தஞ்சு வருஷமா ஆர்கெஸ்ட்ரால கீபோர்டு"ன்னேன், சிரிச்சுட்டு வெந்நீர்ல கைய வைக்க சொன்னாரு. பாதி கச்சேரிக்கு பேஸ் கிட்டார் ஆளு வரமாட்டான்னு அவருக்கு எங்க தெரியும். கீபோர்ட ரெண்டா ஸ்ப்ளிட் போட்டு கீழ் பக்கம் பேஸ், மேல மத்ததெல்லாம்னு மூணு மணி நேரம் ஓட்டிருக்கேன், வலது கைக்கு நடுநடுல ரெஸ்ட் உண்டு, இடது கைக்கு ஒரு செகண்ட் கெடையாது, அது நின்னா மொத்த மேடையும் பொத்துனு விழுந்த மாதிரி ஆகிரும்.

இத ஏன் சொல்றேன்னா நம்ம சண்டையே இங்கதான் ஆரம்பிக்குது. ஹாஸ்டல்ல நீ வச்சிருந்தியே அந்த கேசட், 1967 ஜனவரில வந்த அவங்க மொத ஆல்பம், அட்டைய ஞாபகப்படுத்தி பாரு. இடது பக்கம் முழுக்க மோரிசன் மூஞ்சி, ஓரத்துல சின்னதா மத்த மூணு பேரு, ஏதோ கல்யாண ஆல்பத்துல தூரத்து சொந்தம் நிக்குற மாதிரி. நீ அந்த பெரிய மூஞ்சிய பாத்து அப்பயே சரண்டர். எனக்கு அந்த கண்ணாடி போட்ட ஆளு, ரே மான்சரெக், அவரு மேலதான் கண்ணு. அந்த பேண்டுக்கு பேஸ் ஆளே கெடையாதுடா. வாக்ஸ் ஆர்கன் மேல பேஸ் சத்தத்துக்குன்னே இருக்குற ஒரு குட்டி கீபோர்டு, ஃபெண்டர் பியானோ பேஸ், அத வச்சுகிட்டு இடது கையில பேஸ், வலது கையில ஆர்கன்னு வாசிச்சாரு, அதுவும் வருஷக்கணக்கா, தினம் மேடையில. ரெக்கார்டிங்ல வேணா தனியா பேஸ் ஆளு கூப்பிட்டுக்குவாங்க, 'லைட் மை ஃபயர்' ரெக்கார்ட்லயே லாரி நெக்டல்னு ஒருத்தர் சேந்து வாசிச்சிருக்காரு, ஆனா மேடையில அந்த மனுஷன் கைதான். இது எப்பேர்ப்பட்ட வேலைன்னு என் சுண்டுவிரல கேளு.

அதே பாட்டயே எடுத்துக்க. அது மோரிசன் எழுதுனதுன்னு பாதிப்பேரு இன்னும் நெனச்சுட்டு இருக்கான், எழுதுனது கிட்டார்காரர் ராபி க்ரீகர், அவரு எழுதுன மொத பாட்டே அதான்னு சொல்லுவாங்க, ரெண்டாவது சரணத்துக்குத்தான் மோரிசன் கை வச்சாரு, சாவு, சிதைன்னு வர்ற வரியெல்லாம் அவரோடது, அது பாத்தாலே தெரியும். ஆல்பத்துல 7 நிமிஷம் ஓடும், நடுவுல ஆர்கனும் கிட்டாரும் ரெண்டே ரெண்டு கார்ட, அதாவது சேத்து வாசிக்கிற சுரக்கூட்ட, மாத்தி மாத்தி வச்சுகிட்டு விளையாடுற அந்த இடம்தான் பாட்டோட உயிரே. ரேடியோவுக்காக அந்த இடத்த அப்படியே வெட்டி எறிஞ்சு 3 நிமிஷத்துக்குள்ள அடக்குனாங்க, அதுதான் 1967 ஜூலைல நம்பர் 1 ஆச்சு. வெட்டுப்பட்டது யாரு, மான்சரெக்கும் க்ரீகரும். வெட்டாம நின்னது யாரு, பாடுனவன். ஆர்கெஸ்ட்ராலயும் இதான்டா, டைம் இல்லன்னா மொத கை வைக்கிறது பிஜிஎம்லதான்.

சரி உன் பக்கத்துக்கு வரேன். நீ சொன்னது, அவன் இல்லாம அந்த மூணு பேரும் வெறும் காக்டெயில் பார் பேண்டுன்னு. சிரிப்பு என்னன்னா 1970 கடைசில எல்.ஏ. வுமன் ஆல்பத்துக்கு பாட்டெல்லாம் கேட்டுட்டு அவங்க ப்ரொட்யூசர் பால் ராத்சைல்டே இது காக்டெயில் மியூசிக்குனு சொல்லிட்டு கெளம்பிட்டாரு, அப்ப மோரிசன் அந்த ரூம்லதான் இருந்தாரு. ஆனா அவரு செத்த பிறகு மூணு பேரும் சேந்து ரெண்டு ஆல்பம் போட்டாங்கள்ல, 1971ல ஒண்ணு 72ல ஒண்ணு, அத யாரும் பெருசா கேக்கல, நானே ரெண்டு தடவைக்கு மேல கேட்டதில்ல. இந்த ஒரு பாயிண்ட் உனக்கு குடுத்துர்றேன், எழுதி வச்சுக்க.

ஆனா கவிஞன், சாமியாடி, ஞானின்னு நீ அடுக்குறியே அதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. அவரு எழுதுனதுல நல்ல வரி இருக்கு, காலேஜ் ஆண்டு மலர்ல வர்ற மாதிரி வரியும் இருக்கு, ரெண்டையும் ஒரே குரல்ல சொன்னதால வித்தியாசம் தெரியல. லெஸ்டர் பேங்ஸ்னு பெரிய விமர்சகர், மோரிசன் செத்து 10 வருஷம் கழிச்சு எழுதுனாரு, கோமாளியும் கிரேக்க கள்ளுச்சாமியும் ஒண்ணா கலந்தவன்ங்கிற மாதிரி, அதே கட்டுரையில பாசமும் இருக்கும். அதே 1981ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அட்டையில செத்துப்போனவர் படத்த போட்டு செக்ஸியா இருக்காரு செத்தும் இருக்காருன்னு தலைப்பு போட்டு வித்துச்சு. அந்தக் காலத்து இன்னொரு ராக் பாடகர் டேவிட் க்ராஸ்பி கடைசி வரைக்கும் டோர்ஸ கழுவி ஊத்திட்டேதான் இருந்தாரு. இந்தப் பக்கம் பாத்தா பாடகி பேட்டி ஸ்மித், மேடையில அந்தாள பாத்துட்டு நம்மளாலயும் இத பண்ண முடியும்னு நெனச்சவங்க. அதவிட பெரிய கூத்து ராக் பாடகர் இகி பாப், 1967 அக்டோபர்ல மிச்சிகன் யுனிவர்சிட்டில ஒரு கச்சேரி, மோரிசன் ஃபுல் போதை, ஜனங்க கூச்சல், மகா மட்டமான கச்சேரி, அத பாத்துதான் இகி பாப்புக்கு தன் பேண்ட மேடையேத்துற தைரியமே வந்துச்சாம், இவ்ளோ மோசமா பண்ணியும் தப்பிக்கலாம்னா நான் ஏன் சும்மா இருக்கணும்னு. ஒரு மோசமான கச்சேரியால இவ்ளோ நல்லது நடந்தது உலகத்துல அது ஒண்ணாத்தான் இருக்கும்.

நான் ஏன் குடிகாரன்னு கோவமா சொன்னேன்னு உனக்கு தெரியணும். போன வருஷம் தை மாசம் ஒரு ரிசப்ஷன், பேர் வேணாம், எங்க பாடகர் கேரவன்லயே ஏத்திட்டு வந்துட்டாரு. ரெண்டாவது பாட்டுல பல்லவி மறந்து போச்சு, நான் மேல் கையில மெலடிய எடுத்து குடுத்துட்டே போறேன், ட்ரம்ஸ் பையன் என்னைய பாக்குறான், நான் அவன பாக்குறேன், பொண்ணு வீட்டு பெரியவர் எங்க ரெண்டு பேரையும் பாக்குறாரு. திட்டு வாங்குனது நாங்க, மறுநாள் முழு பேமெண்ட் அவருக்கு, எங்களுக்கு பாதி. அன்னைக்கு நைட்டு பஸ்ல வர்றப்ப டோர்ஸ் ட்ரம்மர் ஜான் டென்ஸ்மோர்தான் ஞாபகத்துக்கு வந்தாரு. அந்த மனுஷனும் ஒரு தடவ ஸ்டூடியோவுல பொறுக்க முடியாம குச்சிய தூக்கி எறிஞ்சுட்டு பேண்ட விட்டே போறேன்னு போயிட்டு அடுத்த நாள் திரும்பி வந்து உக்காந்தவரு. 1969 மார்ச் 1 மியாமி கச்சேரிக்கு மோரிசன் லேட்டா, போதையில வந்து பாட்டவிட பேச்சு அதிகம்னு ஆகி, மேடையில துணிய அவுத்தான்னு கேஸ் போட்டாங்களே, மத்த மூணு பேரும் அப்படி எதையும் பாக்கலன்னுதான் சொன்னாங்க, கோர்ட்டு கேக்கல, 6 மாச ஜெயில் 500 டாலர் ஃபைன், அப்பீல் முடியறதுக்குள்ள ஆளே போயிட்டாரு, 2010ல ஃப்ளோரிடா கவர்னர் மன்னிப்பு குடுத்தாரு. அதெல்லாம் சரி, ஆனா அந்த கேஸால ஊர் ஊரா கச்சேரி கேன்சல் ஆச்சே, அந்த பேமெண்ட் போனது நாலு பேருக்கும்தான. இத எந்த ரசிகனும் பேசமாட்டான்.

இப்படியே கோவத்துலதான் மாப்ள இருந்தேன். உன் மெசேஜ் வந்தப்புறம் சண்ட போட பாயிண்ட் தேடி பழசெல்லாம் கிளறுனேன், கிளறுன எடத்துல நானே மாட்டிக்கிட்டேன்.

காசு. அவங்க காச நாலா சமமா பிரிச்சாங்க. பாட்டு யாரு எழுதுனாலும் ஆரம்பத்துல 'தி டோர்ஸ்'னுதான் பேர் போட்டாங்க, வர்றது நாலு பங்கு, எந்த முடிவுனாலும் நாலு பேரும் ஒத்துக்கணும், ஒருத்தன் வேணாம்னா வேணாம். இந்த ஐடியா யாரோடதுனு நெனக்கிற, மோரிசனோடது. அட்டையில முக்கால்வாசி மூஞ்சிய வச்சிருந்தவன், எவனும் கேக்காமயே கால் பங்கு போதும்னவன். யாரோ மேடையில ஜிம் மோரிசன் அண்ட் த டோர்ஸ்னு அறிவிச்சப்ப அந்தாள இழுத்து, திரும்ப போய் டோர்ஸ்னு மட்டும் சொல்லுன்னு சொல்ல வச்சதாவும் அவங்க சொல்லுவாங்க. எங்க ஃப்ளெக்ஸ் பேனர்ல என் பேரு ஜெனரேட்டர் உதவிக்கு மேல வருது, அவ்ளோதான்.

அப்புறம் 1968ல பியூக் கார் கம்பெனி விளம்பரத்துக்கு லைட் மை ஃபயர் பாட்ட கேட்டுச்சு. மோரிசன் ஊர்ல இல்ல, கெடைக்கல, மூணு பேரும் கையெழுத்து போட்டுட்டாங்க, அதுல பாட்ட எழுதுன க்ரீகரும் ஒருத்தர். திரும்பி வந்த ஆளு ருத்ர தாண்டவம், மேடையில ஒரு பியூக்க நிக்க வச்சு சம்மட்டியால அடிச்சு நொறுக்குவேன்னு மிரட்டல். கவனிச்சியா, அது அவரு பாட்டே இல்ல. எனக்கு இந்த இடத்துல டீ ஆறிப்போச்சு, நான் மூணு பேரு பக்கம்னு சொல்லிட்டு திரிஞ்சேனே, அந்த மூணு பேரு கையெழுத்து போட்ட பேப்பரு அது.

30 வருஷம் கழிச்சு கேடிலாக் கார் கம்பெனி வந்து விளம்பரத்துக்கு பாட்டு குடுங்க, 15 மில்லியன் டாலர்ங்குது. மான்சரெக், க்ரீகர் ரெண்டு பேரும் சரிங்கிறாங்க, டென்ஸ்மோர் ஒத்த ஆளா முடியாதுன்னுட்டாரு, செத்தவன் பியூக்குக்கே அப்படி குதிச்சான்னு. அவங்க ரெண்டு பேரும் வேற பாடகர வச்சு டோர்ஸ் பேர்லயே ஊர் ஊரா கச்சேரி பண்ணதுக்கு 2003ல கேஸும் போட்டு ஜெயிச்சாரு. மோரிசனால அதிகமா கஷ்டப்பட்டவர்னா அந்த ட்ரம்மர்தான், அவன் மேல இருந்த கோவத்த அவரு மறைச்சதே இல்ல, அவர்தான் அவனுக்காக கோர்ட்டு ஏறுனது. கேஸ்ல அவரு பக்கம் இன்னும் யாரு சேந்தாங்க தெரியுமா, மோரிசன் அப்பா அம்மா. அப்பா அமெரிக்க நேவில அட்மிரல், வியட்நாம் போருக்கு வழிவிட்ட 1964 டோங்கின் வளைகுடா சம்பவத்தப்ப அங்க கப்பல்ல கமாண்டர், பையன் பேண்டு ஆரம்பிச்ச புதுசுல எங்கப்பா அம்மா செத்துட்டாங்கன்னு பேப்பர்காரன்கிட்ட சொன்னானே, அதே அப்பா. பாரிஸ் கல்லறையில கிரேக்க எழுத்துல ஒரு தகடு இருக்குமே, அதுவும் அவரு வச்சதுதான்.

இத படிச்சுட்டு நைட்டு ஹெட்செட் மாட்டி எல்.ஏ. வுமன்ல வர்ற 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' போட்டேன். ராத்சைல்ட் போனப்புறம் அவங்களே அவங்க ரிகர்சல் ரூம்ல இன்ஜினியர் ப்ரூஸ் பாட்னிக்க வச்சுகிட்டு ரெக்கார்ட் பண்ணது, பாட்டெல்லாம் மோரிசன் பாத்ரூம்ல நின்னு பாடுனாரு எக்கோவுக்காக. குரல் போயிருச்சுடா அவருக்கு, 27 வயசுல 50 வயசு ஆளு மாதிரி கரகரன்னு. பேஸ் வாசிக்க எல்விஸ் ப்ரெஸ்லி கூட வாசிச்ச ஜெர்ரி ஷெஃப் வந்திருந்தாரு, ஆனா அந்த லைனு மான்சரெக் இடது கைக்குனு பொறந்தது, பேஸ் கிட்டார்ல பிடிக்க ஷெஃப்பே கஷ்டப்பட்டாராம், கேட்டப்ப எனக்கு லேசா பெருமை. நல்ல ஹெட்செட்ல கேளு, பாடுற குரலுக்கு அடியில இன்னொரு தடவ அதே வரிய கிசுகிசுன்னு சொல்லிருப்பாரு. முப்பது வருஷமா கேக்குற பாட்டு, அந்த கிசுகிசுப்ப நான் மழை சத்தம்னே நெனச்சிருந்தேன். அந்த ஆல்பம் வந்து ரெண்டு மூணு மாசத்துல பாரிஸ்ல குளியல் தொட்டில செத்துக் கெடந்தாரு, 1971 ஜூலை 3. போஸ்ட்மார்ட்டம் கெடையாது, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் ஆளுக்கு ஒரு கத.

அதுக்காக ஞானின்னு ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காத. அவன்கூட ஒரே வேன்ல ரெண்டு நாள் போகச் சொன்னா நான் பஸ்ல வரேன்னுருவேன். ஆனா 'மத்த மூணு பேருதான்'னு சொன்னேன்ல, அந்த வரிய மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன்.

பாப்பா கல்யாணம் ஆவணிதான ஃபிக்ஸ், ரிசப்ஷன் கச்சேரி நான் பாத்துக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புன அடி வாங்குவ. பேஸ் ஆளு மட்டும் நீ தனியா சொல்லி கன்ஃபார்ம் பண்ணு, விரலு தாங்காது. கச்சேரி முடிஞ்சு மரியாதைக்கு கவர் வைப்பல்ல, பாடகருக்கு தனியா பெருசா வைக்காத, எத்தன பேர் வராங்களோ அத்தன கவர், எல்லாத்துலயும் ஒரே தொகை. அவரு மூஞ்சி சுளிச்சா நான் சொல்லிக்கிறேன். அந்த கேசட் இன்னும் இருந்தா எடுத்துட்டு வா, ஓட்டலன்னாலும் பரவால்ல, அட்டைய பாக்கணும்.

உன்,
ஓரத்துல நிக்கிற கண்ணாடிக்காரன்