தங்கச்சி நகையை அடகு வைக்காதே

பென்னாகரம்

அன்புள்ள மாதேஷுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை காரியம் முடிந்த ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டச் சொல்லித் தங்கச்சிக்குப் போன் மேல் போன் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கார்டிலும் சேர்த்து 2,15,000 ரூபாய். அவள் நகையைக் காவேரிப்பட்டணத்தில் அடகு வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்த நகை அவளுடைய சொந்தச் சொத்து. மாப்பிள்ளை வாங்கிய கடனுக்கு அதைத் தொட எந்த வங்கிக்கும் உரிமை கிடையாது.

கார்டுக் கடன் அடமானம் இல்லாத கடன். வாங்கியவர் இறந்துவிட்டால், அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் வங்கி கேட்கலாம். வாரிசுகளின் கைக்கு அவர் சொத்து எவ்வளவு வந்ததோ, அவ்வளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. மாப்பிள்ளை விட்டுப்போனது மொத்தமே 60,000 என்றால் அதற்கு மேல் வங்கி ஒரு ரூபாய் கேட்க முடியாது; மீதி வங்கிக்கு நஷ்டம். ஆனால் பத்து லட்சம் விட்டுப்போயிருந்தால், வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் 2,15,000-ஐயும் அடைத்தாக வேண்டும். அதில் ஒளிவு மறைவு கூடாது.

அப்பன் பட்ட கடனைப் பிள்ளைதான் அடைக்கணும் என்று உன் பெரியப்பா சொன்னாராம். பழைய இந்துச் சட்டத்தில் அப்படி ஒரு கடமை இருந்தது உண்மைதான். 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தோடு அது போய்விட்டது. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. பையன் இப்போதுதான் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான், அவன் தலையில் இந்தப் பேச்சை ஏற்றாதீர்கள்.

எது மாப்பிள்ளையின் சொத்து, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதிவிடு. எல்லாமே அதை வைத்துத்தான். சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம், டெபாசிட், அவர் பெயரில் உள்ள பைக், கம்பெனி தரவேண்டிய சம்பளப் பாக்கி, அவர் பெயரில் கிரயமான நிலம், இதெல்லாம் சொத்துக் கணக்கில் வரும். பிஎஃப் வராது. நாமினிக்குச் சேர வேண்டிய பிஎஃப் பணம், இறந்தவரின் கடன்களிலிருந்து விடுபட்டு நாமினிக்குச் சேரும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையையும் ஜப்தி செய்ய முடியாது. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு ஐந்து வருட சர்வீஸ் என்ற நிபந்தனையும் கிடையாது, அதனால் ஓசூர் கம்பெனியில் அதைக் கேட்டு வாங்கு. பிஎஃப்-ஓடு சேர்ந்த இடிஎல்ஐ காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும், தங்கச்சிக்குக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஹெச்.ஆர். சொல்லவில்லை என்று பலரும் இடிஎல்ஐ-க்கு விண்ணப்பிப்பதே இல்லை. எல்ஐசி பாலிசியில் மனைவியை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அவளுக்கே. இந்தப் பணமெல்லாம் வந்து விழ, கார்டு கொடுத்த வங்கி அல்லாத வேறு வங்கியில் அவள் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கிவிடு.

வேறு வங்கி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளையின் சம்பளக் கணக்கும் ஒரு கார்டும் ஒரே வங்கியில் என்று எழுதியிருக்கிறாய். அவர் கணக்கில் கிடக்கும் பணத்தை அந்த வங்கி கார்டு பாக்கிக்குச் சரிக்கட்டிக்கொள்ள முடியும். கார்டு ஒப்பந்தத்திலேயே அதற்குச் சம்மதம் வாங்கியிருப்பார்கள். அவர் இறந்த பிறகு ஏடிஎம் கார்டைப் போட்டு அந்தப் பணத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. பின் நம்பர் தெரிந்திருந்தாலும் அது தப்பு, பிறகு வழக்கில் அதையே எடுத்து நீட்டுவார்கள்.

பர்கூர் பக்கத்து மாந்தோப்பைப் பற்றித்தான் நீ அதிகம் பயப்படுகிறாய். பட்டா மாப்பிள்ளையின் அப்பா பெயரில் இருந்து, அது அவர் சொந்தமாக வாங்கிய நிலமாகவும் இருந்தால், இந்தக் கடனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாகம் பிரியாத பூர்வீகச் சொத்து என்றால் மாப்பிள்ளையின் பங்கு மட்டும் கணக்கில் வரும். அப்போதும் வங்கி நேராக வந்து தோப்பில் பலகை நட முடியாது. கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும், அல்லது மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பு வாங்கி அதை நிறைவேற்றக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதனால் மத்தியஸ்தம் என்று சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ தபாலில் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதே. பதில் இல்லாவிட்டால் ஒரு தரப்பைக் கேட்டே முடித்துவிடுவார்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியவை. இரண்டு கார்டையும் குறுக்கே வெட்டிப் போடு. மாப்பிள்ளை போனில் யுபிஐ-யோடு கார்டு இணைந்திருந்தால் அதை யாரும் பயன்படுத்தக் கூடாது. தங்கச்சியிடம் ஆட்-ஆன் கார்டு, அதாவது மாப்பிள்ளை கணக்கிலேயே அவள் பெயரில் கொடுத்த கூடுதல் கார்டு, இருந்தால் அதையும் நிறுத்திவிடு. அதில் ஏற்கெனவே செலவானதற்கு முதன்மைக் கார்டுக்காரர்தான் பொறுப்பு, ஆனால் இறந்த தேதிக்குப் பிறகு அவள் தேய்த்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அவளைத்தான் கேட்பார்கள். ஓடிடி சந்தா, போன் பில், இன்சூரன்ஸ் பிரீமியம் என்று மாதாமாதம் தானாகக் கழிபவை எவை என்று கடைசி மூன்று ஸ்டேட்மெண்டைப் பார்த்துக் குறித்துக்கொள். கார்டை நிறுத்தும் வரை அவை கழிந்துகொண்டேதான் இருக்கும்.

வங்கிக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதே. மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால், இரண்டில் 84,000 பாக்கி உள்ள கார்டுக்கு மட்டும் மாதம் 2,940 வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 529. ஆக 3,469 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. போனில் சொன்னால் போதாது. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் எழுதி, கிளையில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் போடு. கடிதத்தில் நான்கு விஷயம் கேள்: கார்டை இன்றே நிறுத்த வேண்டும், இறந்த தேதியில் பாக்கி எவ்வளவு என்று அசல், வட்டி, கட்டணம் தனித்தனியாகத் தர வேண்டும், அதற்குப் பிறகு போட்ட வட்டியையும் கட்டணத்தையும் நீக்க வேண்டும், கார்டோடு ஆயுள் அல்லது விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதை விடாதே. சில கார்டுகளில் பாக்கித் தொகைக்கே காப்பீடு இருக்கும். கெடு முடிந்துவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். கடிதத்தில் 'நான் கட்டுகிறேன்' என்று ஒரு வரிகூட எழுதாதே. 'இறந்தவரின் சொத்து விவரம் தெரிந்ததும் பதில் தருகிறோம்' என்பது போதும்.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்துவிடு. விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிந்து தாசில்தார் தருவார். மாப்பிள்ளையின் அம்மா பெயரை விட்டுவிடாதே. மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் நிலை வாரிசு. அவர் பெயர் இல்லாமல் சான்று வாங்கினால், பின்னால் திருத்த அலைச்சல்தான்.

போன் செய்கிறவர்கள் விஷயம். காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. மிரட்டுவதும் உறவினர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேள். தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்து வங்கிக்குப் புகார் கொடு. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க எண் 14448. 'இப்போதைக்கு ஐயாயிரம் மட்டும் இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்கம்மா' என்பார்கள். அப்படி எதுவும் அனுப்பக் கூடாது என்றுதான் தங்கச்சியிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்படி அனுப்பும் பணம் கார்டுக் கணக்கில் ஏறும் என்று எந்த நிச்சயமும் இல்லை. அவளே கடனை ஒத்துக்கொண்ட மாதிரியும் பேசுவார்கள். வெற்றுத் தாளிலோ உறுதிமொழியிலோ கையெழுத்தும் வேண்டாம். 'உங்க சிபில் கெட்டுடும்', அதாவது கடன் வாங்கும் தகுதி மதிப்பெண் குறைந்துவிடும், என்பதற்கும் பயப்படத் தேவையில்லை. அவள் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போடவில்லை, ஜாமீனும் இல்லை.

சொத்துப் பட்டியல் முடிந்த பிறகு கணக்குப் பார். இறுதிச் சடங்குக்கும் கடைசி நாள் மருத்துவத்துக்கும் ஆன நியாயமான செலவு முதலில் கழியும், அதனால் ஆஸ்பத்திரி பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே. மீதியில்தான் கடன். இரண்டு வங்கிக்கும் முழுதாகக் கட்ட முடியாது என்றால் ஒரு வங்கிக்கு மட்டும் எல்லாவற்றையும் கொட்டாமல், இருவருக்கும் நிலையை எழுதி, ஒரே தடவையில் முடிக்கும் தொகையைக் கேள். அடமானம் இல்லாத கடனில் வங்கிகள் குறைத்துக்கொள்வது வழக்கம்தான். தொகையும் தேதியும் போட்ட கடிதம் வங்கி முகவரியிலிருந்து வந்த பிறகுதான் பணம், அதுவும் கார்டு எண்ணுக்கே. கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கு. அது இல்லாமல் விட்டால், இரண்டு வருடம் கழித்து வேறொரு வசூல் கம்பெனி அதே பாக்கியோடு வந்து நிற்கும்.

லோக் அதாலத் என்கிற சமரச நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் போய்வா, அங்கே சம்மதம் இல்லாமல் எதையும் திணிக்க முடியாது. கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

மாப்பிள்ளை பெயரில் அடகு நகை ஏதாவது இருக்கிறதா என்று எழுது. அது கார்டு மாதிரி இல்லை. திருப்பாவிட்டால் ஏலம் போய்விடும். கையில் பணம் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கூட்டுறவு சங்கம், தங்கக் கடன் கடை இரண்டிலும் ரசீது தேடுங்கள்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மா உன்னையும் தங்கச்சியையும் கேட்டார்கள். இரண்டு கார்டின் கடைசி ஸ்டேட்மெண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, வங்கிக்குப் போக வேண்டிய கடிதத்தை நானே எழுதி அனுப்புகிறேன். திங்கட்கிழமை கிளையில் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
முருகேசன்